வஞ்சிரத் துண்டும் கருவாடும்

சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்திலிருந்து:

“ஐயா, பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். மாலையில் எங்கள் வீட்டு மாடியில் தெருப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். ... போன மாதம் மாதிரித் தேர்வில் ‘எக்ஸர்ப்ட்’ (excerpt) என்று ஒரு சொல் வந்தது. அவசரத்தில் ‘எக்ஸ்பர்ட்’ என்று படித்துவிட்டேன். நிபுணர் யார், அவர் என்ன சொன்னார் என்று தேடியே ஐந்து நிமிடம் போய்விட்டது. பிறகு ஒருவர் அதற்குச் ‘சுருக்கம்’ என்று பொருள் சொன்னார். அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கும் பெண் பள்ளித் தேர்வில் அதை நம்பி, கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்று மதிப்பெண் இழந்தாள். அகராதியில் பார்த்தால் மேற்கோள், சாரம், பகுதி என்று மூன்று போட்டிருக்கிறது. எதைப் பிடிப்பது? இதற்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் என்ன? ... பிள்ளைகளுக்காகப் பல நூல்களிலிருந்து நல்ல பகுதிகளை எடுத்து ஒரு சிறு வாசிப்புப் புத்தகம் தயாரிக்க ஆசை. ஒரு நூலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? கடைசியாக, அந்தச் சொல்லை வைத்து நானே மூன்று வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். திருத்தித் தாருங்கள்.”

வணக்கம் அம்மா,

முதலில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் என் சார்பில் வருத்தம் சொல்லுங்கள். அவள் மேல் தவறில்லை, உங்கள் மேலும் பெரிய தவறில்லை. ‘எக்ஸர்ப்ட் என்றால் சுருக்கம்’ என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் நீளமான ஒன்றிலிருந்து குட்டையான ஒன்று வருவதுதானே என்ற எண்ணம்தான் காரணம். நீளம் குறைவது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது. மற்றபடி இரண்டும் வேறு சாதி.

காசிமேட்டுக்காரருக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. முழு வஞ்சிரம் ஒன்று பலகையில் கிடக்கிறது. நடுவில் ஒரு துண்டு வெட்டி வாங்குகிறீர்கள். அந்தத் துண்டில் இருப்பது அதே சதை, அதே முள், அதே தோல். மீனைவிடச் சிறியது, ஆனால் மீனேதான். இதுதான் எக்ஸர்ப்ட். அதே மீனை உப்புப் போட்டுக் காயவைத்தால் கருவாடு. தலை முதல் வால் வரை எல்லாம் இருக்கிறது, ஆனால் சுருங்கிவிட்டது, சுவையும் மாறிவிட்டது. இதுதான் சுருக்கம். குழம்பு வைத்து, மீனை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, வெறும் குழம்பை மட்டும் ஊற்றினால் அது சாரம். துண்டைக் கேட்ட இடத்தில் கருவாட்டை வைத்ததால்தான் உங்கள் மாணவிக்கு மதிப்பெண் போயிற்று.

ஆக, ஒன்றை எக்ஸர்ப்ட் என்று சொல்ல மூன்று குணங்கள் வேண்டும். அது ஒரு பெரிய படைப்பின் துண்டாக இருக்க வேண்டும். எழுதியவரின் சொற்களே மாறாமல் இருக்க வேண்டும். எடுத்தவர் வேறொருவராக இருந்தாலும் அதில் அவருடைய சொல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. புத்தகம்தான் என்றில்லை, பேச்சு, கடிதம், நாட்குறிப்பு, நாடகம், இசைக் கோவை எதிலிருந்தும் எடுக்கலாம். சினிமாவிலிருந்து எடுப்பதை நாம் ‘கிளிப்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம், அப்படியே இருக்கட்டும்.

இந்தச் சொல்லுக்கு உறவுக்காரச் சொல் ஒன்றை நம் பக்கத்து வீடுகளில் எப்போதோ கேட்டிருப்பீர்கள்: ‘எக்ஸ்ட்ராக்ட்’. வீட்டுக் கடனுக்கோ பத்திரப் பதிவுக்கோ அலைந்தவர்கள் ‘டி.எஸ்.எல்.ஆர். எக்ஸ்ட்ராக்ட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க’ என்பார்கள். நகர நில அளவைப் பதிவேடு பெரியது. அதில் உங்கள் மனைக்கு உரிய வரிகளை மட்டும், உள்ளது உள்ளபடி எடுத்துத் தருகிறார்கள். எந்த வார்டு, எந்த பிளாக், எந்த சர்வே எண் என்று தலைப்பிலேயே இருக்கும். அலுவலர் தம் கருத்தை அதில் எழுதுவதில்லை. பதிவேட்டைச் சுருக்கிச் சொல்வதும் இல்லை. இலக்கியத்தில் வரும் எக்ஸர்ப்டும் எக்ஸ்ட்ராக்டும் இப்படித்தான். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வேறுபாடுதான். சட்டம், ஆவணம், பழைய பாணித் தேர்வுத்தாள்கள் என்றால் எக்ஸ்ட்ராக்ட் அதிகம் வரும். நாவல், பேச்சு, இதழ் என்றால் எக்ஸர்ப்ட் அதிகம். தேர்வில் எது வந்தாலும் பொருள் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பர்ட் குழப்பத்துக்கு வருகிறேன். கண் ஏமாறுவது இயல்பு. எக்ஸ்பர்ட்டில் ‘எக்ஸ்’ஸுக்குப் பிறகு ‘பி’ உடனே வந்துவிடுகிறது. எக்ஸர்ப்டில் அந்த இடத்தில் ‘சி’ உட்கார்ந்திருக்கிறது, ‘பி’ கடைசி ‘டி’க்கு முன்னால் போய்விட்டது. இன்னொரு ஆள் மாறாட்டக்காரர் ‘எக்ஸெப்ட்’, அதாவது ‘தவிர’. அதற்கும் எக்ஸர்ப்டுக்கும் ஒரே ஒரு ‘ஆர்’தான் வேறுபாடு. மூன்றையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி ஒரு முறை விரலால் தொட்டுப் படியுங்கள், இனி மறக்காது. பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையான ‘எக்’கில் விழும். ‘சி’ தனியாக ஒலிக்காது. கடைசியில் ‘ப்ட்’ இரண்டும் ஒலிக்க வேண்டும். ‘எக்ஸர்ட்’ என்றால் அது வேறொரு சொல்.

வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘கார்பெரே’ என்றால் கொய்தல், பறித்தல். ‘கார்ப்பே டீயெம்’ என்று சட்டைகளில் அச்சடித்து விற்கிறார்களே, அதில் வருவதும் இதே வினைதான்: இன்றைய நாளைக் கொய்துகொள். பூவைச் செடியிலிருந்து கொய்தாலும் பூ பூவாகவே இருக்கும், கசக்கக் கூடாது. சொல்லின் பிறப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி: சரியான ஒரே தமிழ்ச் சொல் என்ன?

ஒரே சொல் வேண்டும் என்ற பிடிவாதத்தை முதலில் விடுங்கள். முப்பது வருடமாக மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவன் நான். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று கணக்குத் தீர்க்கப் போய்க் கெட்டுப்போன வாக்கியங்களை மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் அகராதி சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘சாரம்’ குழம்பு, அதைத் தள்ளிவிடலாம். ‘மேற்கோள்’ நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை. நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் பேச்சுக்கு வலு சேர்க்க இன்னொருவர் சொன்னதை நடுவில் வைக்கிறேன். அதுதான் மேற்கோள். அங்கே முதன்மை என் பேச்சு. எக்ஸர்ப்டில் முதன்மை அந்தத் துண்டேதான். அதைப் படிக்கத்தான் கொடுக்கிறோம். திருவொற்றியூரில் கடற்கரையோரம் பட்டினத்தார் கோயிலுக்குப் போய்வந்த ஒருவர், சொத்துத் தகராறில் ‘காதற்ற ஊசியும் வாராது’ என்று ஓர் அடியை எடுத்துவிட்டால் அது மேற்கோள். பட்டினத்தார் பாடல் திரட்டிலிருந்து பத்துப் பாடல்களை எடுத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்தால் அது நீங்கள் கேட்கிற பொருள்.

மிச்சமிருப்பது ‘பகுதி’. அதுவே சரி. ஆனால் தனியாக விட்டால் அது ஊர் சுற்றும். ‘இந்தப் பகுதியில் தண்ணீர் வரவில்லை’ என்போம். இலக்கண வகுப்பிலோ பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லின் முதல் உறுப்புக்கே அது பெயர். அதனால் துணைக்கு ஒன்று சேர்த்து அனுப்புங்கள்: ‘நாவலிலிருந்து ஒரு பகுதி’, ‘உரையிலிருந்து எடுத்த பகுதி’, ‘நூற்பகுதி’. இங்கே உண்மையான வேலையைச் செய்வது ‘இலிருந்து’ என்ற உருபுதான். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வருவதே வழக்கம். எங்கிருந்து என்று சொல்லாமல் அந்தச் சொல் நிற்கவே நிற்காது.

சிலர் ‘எடுகோள்’ என்று எழுதுகிறார்கள். வேண்டாம், ஆய்வில் அனுமானமாக எடுத்துக்கொள்வதற்கு அது நிலைத்துவிட்டது. ‘துணுக்கு’ என்றால் வார இதழில் இடம் நிரப்பும் சிரிப்பு. ‘நறுக்கு’ நாளிதழிலிருந்து கத்தரித்ததற்குச் சரி. ஒரு தமிழாசிரியர் ‘பறிப்பு’ என்று வைக்கலாமே என்று என்னிடம் வாதாடினார். ‘நாவல் பறிப்பு’ என்று தலைப்புப் போட்டால் வண்ணாரப்பேட்டையில் யாரும் இலக்கியமாகப் படிக்க மாட்டார்கள் ஐயா, செயின் பறிப்புச் செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். எம்.சி. ரோட்டில் துணி வாங்கப் போகும் என் பேரனுக்கு நான் சொல்லும் சொல் ‘கட் பீஸ்’. அவனுக்குப் புரிந்துவிட்டது. அச்சில் போட முடியாது, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல வழி ஒன்று உண்டு. அவர்கள் பையில் இருக்கும் தமிழ்ப் பாடநூலையே திறக்கச் சொல்லுங்கள். அதில் வரும் காப்பியப் பாடங்கள் எல்லாம் பெரிய நூல்களிலிருந்து எடுத்த பகுதிகள்தான். சிலப்பதிகாரம் மூன்று காண்டம், முப்பது காதை. அதில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைப்பது இருபதாவது காதை. அதிலிருந்து சில அடிகளைப் போட்டால், முன்னால் பத்தொன்பது காதைகள் நடந்து முடிந்திருக்கின்றன, பின்னால் பத்துக் காதைகள் காத்திருக்கின்றன என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பாடத்தோடு ‘நூல்வெளி’ என்று ஒரு கட்டம் போடுகிறார்கள் பாருங்கள், மதிப்பெண் கிடைக்காது என்று பிள்ளைகள் தாண்டிப் போகிற கட்டம். துண்டு எந்த மீனுடையது என்று சொல்லும் சீட்டு அதுதான். ‘இந்தப் பகுதிக்கு முன்னால் என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். சுருக்கம் என்று இனி ஒரு பிள்ளையும் சொல்லாது.

உங்கள் வங்கித் தேர்வுக்கு ஒரு குறிப்பு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘இந்தப் பகுதியின்படி’ என்று கேட்டால் விடை அந்தப் பகுதிக்குள்தான் இருக்க வேண்டும். நாவலை நீங்கள் முழுதாகப் படித்திருந்தாலும், கதாநாயகி கடைசியில் இறந்துவிடுவாள் என்று தெரிந்திருந்தாலும், கொடுத்த துண்டில் அவள் உயிரோடு இருந்தால் உயிரோடுதான் இருக்கிறாள்.

துண்டு எடுப்பதை மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் அவரிடம் புறத்திரட்டைப் பற்றிச் சொல்லுங்கள். பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்து, குறள்போல அதிகாரம் பிரித்துத் தொகுத்து வைத்த பழைய திரட்டு அது. தொகுத்தவர் பெயர் தெரியாது. எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பித்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1938-இல் வெளியிட்டது. முத்தொள்ளாயிரம் என்ற நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. மூவேந்தரைப் பாடிய அந்த அழகான வெண்பாக்களில் இன்று நாம் படிக்கிற நூற்றுச் சொச்சத்தில் பெரும்பங்கு இந்தத் திரட்டின் புண்ணியம். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாக இல்லை. இருக்கிற பாடல்களில் பெரும்பங்கு இங்கே இருந்துதான் கிடைத்தது. மீன் போய்விட்டது, துண்டு தங்கிவிட்டது. அதிலும் பாருங்கள், பாடலோடு அது எந்த நூலைச் சேர்ந்தது என்றும் எழுதி வைத்திருந்ததால்தான் இது முத்தொள்ளாயிரம், இது வளையாபதி என்று பிரிக்க முடிந்தது. உரையாசிரியர்கள் பலர் ‘என்றார் பிறரும்’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் அந்தப் பிறர் என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் வாசிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பகுதியின் கீழும் ஆசிரியர், நூல், அத்தியாயம் அல்லது பாடல் எண் மூன்றையும் போடுங்கள். போட மறந்தால் அடுத்த தலைமுறைக்கு நீங்களும் ஒரு ‘பிறர்’.

வார்த்தையை மாற்றாதீர்கள் என்று மேலே சொன்னேன். நன்னூல் பாயிரத்திலேயே இதற்கு ஒரு விதி இருக்கிறது: ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’. பொருள் மட்டும் போதாது, சொன்ன சொல்லும் பொன். பழைய சூத்திரத்தை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறோம் என்பதற்கு நன்னூல் தரும் காரணம் அது. பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது என்று ஒரு சொல்லை எளிதாக்கிப் போட ஆசை வரும். போடாதீர்கள். கீழே அருஞ்சொற்பொருள் கொடுங்கள். நடுவில் விட்டால் மூன்று புள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தையே மேலே எப்படிப் போட்டிருக்கிறேன் பாருங்கள். இரண்டு இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. முதல் இடத்தில் மின்வெட்டைப் பற்றிய புலம்பல் இருந்தது, இரண்டாவது இடத்தில் வீட்டு விஷயம். இரண்டும் ஊருக்கு வேண்டாம் என்று எடுத்தேன். ஆனால் எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை.

சொல்லை மாற்றாமலே பொருளை மாற்றிவிடலாம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. நான் அடிபட்டுக் கற்றது. எண்பதுகளில் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தேன். ஈய எழுத்துக் காலம். ஒரு நூலகத்தின் ஆண்டு மலர் வேலை வந்தது. அதில் ஒரு தலைமையாசிரியை அம்மையார் பேசிய பேச்சிலிருந்து ஒரு பகுதி போட வேண்டும். பக்கத்தில் ஒன்றரை வரி இடம் போதவில்லை. இரவு பதினோரு மணி, காலையில் மலர் போக வேண்டும். கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: ‘பெண்பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்திவிட வேண்டும் என்று நம் பேட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்; அது பெருந்தவறு.’ நான் ‘நிறுத்திவிட வேண்டும்’ என்பதோடு எழுத்தை நிறுத்தி ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. புரூஃப் பார்த்தவரும் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டார்.

மறுநாள் மாலை அந்த அம்மையார் அச்சகத்துக்கே வந்தார். சத்தம் போடுவார் என்று நான் மிஷின் மறைவில் நின்றேன். கூப்பிட்டு உட்காரவைத்து, மலரைப் பிரித்துக் காட்டி, ‘தம்பி, நான் சொன்ன சொல்லில் ஒன்றைக்கூட நீ மாற்றவில்லை. ஆனால் நான் சொன்னது இது இல்லை’ என்றார். முந்நூறு பிரதியிலும் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டினேன். அன்று ஒட்டிய பசை இன்னும் விரலில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நம் மொழியின் குணம் ஒன்று எனக்குப் பிடிபட்டது. ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். ‘நான் நம்பவில்லை’ என்று தொடங்கிவிட்டுத்தான் எதை என்று சொல்வார்கள். வாலை நறுக்கினாலும் தலை தப்பிக்கும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. ‘இல்லை’, ‘மாட்டேன்’, ‘என்பது பொய்’, ‘என்று சொல்வாரும் உளர்’ எல்லாம் வாலில். தமிழ்ப் பகுதி ஒன்றை எடுக்கும்போது எங்கே தொடங்குகிறோம் என்பதைவிட எங்கே முடிக்கிறோம் என்பதில்தான் கண்ணியம் இருக்கிறது. முற்றுப்புள்ளி வரை போங்கள். அதோடு நிற்காமல் அடுத்த வாக்கியத்தையும் ஒரு தடவை படியுங்கள். ‘ஆனால்’ என்றோ ‘எனினும்’ என்றோ அது தொடங்கினால் அதையும் சேர்த்து எடுங்கள்.

எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. பதிப்பு வேலையில் தெரிந்துகொண்ட அளவு சொல்கிறேன். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் உயிரோடு இருக்கும் காலமும், அவர் மறைந்த பிறகு அறுபது ஆண்டும் நூலுக்கு உரிமை உண்டு. சங்க இலக்கியம், காப்பியங்கள், 1921-இல் மறைந்த பாரதியார் போன்றவர்களின் எழுத்து என்றால் கவலையே வேண்டாம், மூலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் அப்படியே. ஆனால் மூலம் பழையது என்றாலும் அதற்கு இன்றைய ஆசிரியர் எழுதிய உரை புதியது. உரையை மொத்தமாக எடுத்துப் போடக் கூடாது. மற்ற நூல்களுக்கு, விமர்சனம், மதிப்புரை, சொந்தப் படிப்பு ஆகியவற்றுக்காக நியாயமான அளவு எடுத்தாள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. இத்தனை சொல் என்று அங்கே எண்ணிக்கை எதுவும் இல்லை. ‘இருநூறு சொல் வரை எடுக்கலாமாம்’ என்று யாராவது சொன்னால் அது காதுவழி வந்த சட்டம்.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே அந்தப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. கற்பிப்பதற்காக வெளியிடும் தொகுப்பில், பெரும்பகுதி உரிமைக்காலம் கடந்த எழுத்தாக இருந்தால், உரிமை உள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஒரே வெளியீட்டாளர் ஐந்து ஆண்டுக்குள் ஒரே ஆசிரியரிடமிருந்து இரண்டு பகுதிக்கு மேல் எடுக்கக் கூடாது. கற்பித்தலுக்கானது என்று தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பதினான்கு பிள்ளைக்கு நகலெடுத்துக் கொடுப்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றால், இன்று பதினான்கு, நாளை பக்கத்துத் தெரு டியூஷனும் கேட்கும். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். நான் கேட்ட வரையில் பிள்ளைகளுக்கு என்றதும் மறுத்தவர்கள் குறைவு. ‘புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள்’ என்பார்கள், அனுப்ப மறக்காதீர்கள்.

இனி உங்கள் மூன்று வாக்கியங்கள்.

‘நாவலின் எக்ஸர்ப்டைப் படித்தேன், முழுக் கதையும் புரிந்துவிட்டது’: இது கருவாடு. முழுக் கதையும் புரிந்தது என்றால் நீங்கள் படித்தது சுருக்கம். ‘நாவலிலிருந்து ஒரு பகுதியைப் படித்தேன், முழுதும் படிக்க ஆசை வந்துவிட்டது’ என்று மாற்றுங்கள். பதிப்பகங்கள் புது நாவலின் ஓர் அத்தியாயத்தை இதழ்களில் போடுவதும் அந்த ஆசையை மூட்டத்தான்.

‘தலைவர் பேச்சிலிருந்து ஒரு எக்ஸர்ப்ட் பேப்பரில் வந்திருந்தது’: சரியான வாக்கியம். ‘இலிருந்து’ தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள்.

மூன்றாவது: ‘எனக்குப் பிடித்த எக்ஸர்ப்ட்: யாதும் ஊரே யாவரும் கேளிர்.’ இதில் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஓர் அடி, ஒரு வரி என்றால் அதை மேற்கோள் என்பதே பொருத்தம். இன்னொன்று, புறநானூறு நானூறு தனிப்பாடல்களின் தொகை. அதில் 192-ஆம் பாட்டை முழுதாக எடுத்தால் அது ஒரு முழுப் பாட்டு. அதைத் துண்டு என்று சொல்வதில்லை. அந்தப் பாட்டின் உள்ளேயிருந்து ஓரிரண்டு அடியை எடுத்தால்தான் துண்டு. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டுக்குப் பதின்மூன்று அடிகள். ஊரெல்லாம் முதல் அடியைத்தான் எடுக்கிறது, மேடையிலும் சுவரிலும் அதுதான். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் உறவு என்று உற்சாகமாக இருக்கிறது. பாட்டோ அடுத்த அடியிலேயே திரும்பிவிடுகிறது. நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை என்கிறது. சாவு புதிதல்ல, வாழ்வு இனிது என்று குதித்ததும் இல்லை, வெறுத்ததும் இல்லை என்கிறது. மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீரின் போக்கில் போகும் புணையைக் காட்டி, உயிரும் அப்படி முறையின் வழியே போகும் என்கிறது. புணை என்றால் தெப்பம். உங்கள் மாடியிலிருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது விளக்கம் கேட்கும் சொல்லே இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, அதனால்தான் பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை என்று பன்னிரண்டாம் அடியில் சொல்கிறார். முடிவது இப்படி: ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’

அந்த ‘இலமே’ பாட்டின் வாலில் இருக்கிறது அம்மா. உங்கள் வாசிப்புப் புத்தகத்தில் முதல் பக்கத்துக்கு இந்தப் பாட்டையே வையுங்கள், பதின்மூன்று அடியும். கீழே ‘புறநானூறு, 192, கணியன் பூங்குன்றனார்’ என்று போட்டாலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நகல் எடுக்கும் முன் ஒரு புரூஃப் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.